இலத்தூர் அண்ணாச்சியின் கேள்வி

என் செல்ல உமாவுக்கு,

உன் முதலாம் ஆண்டு நினைவு நாள் முடிந்ததும் நம் வீட்டுப் பொதுக்குழு கூடியது. நீண்ட விவாதத்துக்குப் பின், உன் செல்போன் எண்ணுக்குத் தொடர்ந்து ரீசார்ஜ் செய்வது என்ற வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்மானம் நிறைவேறியது. ஆதரவு நான் ஒருவன். உன் அம்மா வாக்களிக்கவில்லை; எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

இங்கே உலகம் அப்படியேதான் இருக்கிறது. பருவமழை பற்றிப் புதிதாக ஓர் ஆய்வு வந்திருக்கிறது. குற்றாலம் இனி வெறும் பாறை என்றது ஒரு தொலைக்காட்சி, பின்னணியில் வயலினோடு. பேய்மழை வரப்போகிறது, விஞ்ஞானிகள் மறைக்கிறார்கள் என்றது ஒரு வலைப்பூ. ஆதாரம் அதே ஆய்வு. அதைத் திறந்து பார்த்த குற்றத்தை இருவருமே செய்யவில்லை. முன்பென்றால், பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வந்து நீ அன்றே உன் வலைப்பூவில் விளக்கம் எழுதியிருப்பாய்.

சனிக்கிழமை உன் போன் அடித்தது. இலத்தூரில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் உன் வாசகர் அண்ணாச்சி.

"தாயி, இனிமே குளம் பெருகாதுன்னு டிவியில சொல்லுதான். மர வியாபாரி வாசல்ல வந்து நிக்குதான். நீ சொல்லு, வெட்டட்டுமா, வேண்டாமா?"

"நான் அவ அப்பா பேசுதேன்."

"அப்படியா. பிள்ளை எங்க?"

எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பழகிய பதில்தான். அன்று வாயில் வரவில்லை.

"வெளிய போயிருக்கா. வந்ததும் பேசச் சொல்லுதேன்."

"சீக்கிரம் பேசச் சொல்லுங்க. இந்தப் பய ரொம்ப நாள் நிக்கமாட்டான்."

அன்றிலிருந்து ஆய்வை வாசித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்தவர் எழுத்தைக் கேலி செய்தே பிழைத்தவனுக்கு ஒரு வரைபடம் புரிய அரை நாள் ஆகிறது. சாரல் நாட்கள் குறையலாம், பெய்தால் பலமாகப் பெய்யலாம் என்கிறார்கள். நம் மலையடிவாரத்துக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று அவர்களுக்கே உறுதியில்லை. தோப்பை வெட்டச் சொல்லி எங்கும் இல்லை. சரியாகத்தான் படித்திருக்கிறேனா, உமா? இதை நான் யாரிடம் கேட்க?

உன் வலைப்பூவை மூட மாட்டேன். புரிந்ததை எழுதுவேன், புரியாததைப் புரியவில்லை என்றே எழுதுவேன். அதற்கு முன் அண்ணாச்சியிடம் பேசுகிறேன். நீ இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உன் வாக்குக்கு என்றும் கட்டுப்பட்ட
அப்பா

பி.கு.: பேசினேன். உன் அழைப்புக்குக் காத்திருந்துவிட்டு, அண்ணாச்சி நேற்றுக் காலை மரங்களை வெட்டிவிட்டார்.