ஆவணப் பிரிவில் ஒருத்தர்

மார்ச் 3
எல்லோர் போனிலும் ஒரு செயலி ஏற்றச் சொன்னார்கள். ஊழியர் மனநலத்துக்காம். ‘இன்று எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்டு ஐந்து முகங்களைக் காட்டியது. பதில் ரகசியம், பிரிவுவாரிக் கணக்கு மட்டும்தான் மேலே போகும் என்று போட்டிருந்தது. ரகசியம்தானே என்று கடைசி முகத்தை அமுக்கினேன். அழுகிற முகம்.

மார்ச் 10
அறிவிப்புப் பலகையில் முடிவை ஒட்டியிருக்கிறார்கள். மிகுந்த மனச்சோர்வில் இருப்பவர்கள்: விற்பனை எட்டு சதவீதம். கணக்கு பதினொன்று. ஆவணப் பிரிவு நூறு.

ஆவணப் பிரிவில் நான் ஒருத்திதான்.

மார்ச் 11
பணியாளர் நல அதிகாரி கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்தார். என்னைவிட இருபது வயது சின்னவர்.

“உங்க பிரிவுல யாரோ ஒருத்தர் ரொம்ப சோர்வா இருக்காங்க போல மேடம். யாருன்னு நான் கேக்கக் கூடாது. விதி அப்படி.”

“கேக்காதீங்க சார்.”

அலமாரிகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தார். வேறு யாராவது இருந்தால் அவருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

“அவங்களுக்கு என்ன பிரச்சினைன்னு தெரியுமா?”

“கூட இருந்த தங்கச்சி செத்துட்டா. நாலு மாசமாச்சு.”

கோப்புப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“லீவு எடுத்தாங்களா?”

“மூணு நாள்.”

“சாப்பிடறாங்களா?”

“சமைக்கிறாங்க. ரெண்டு பேருக்கு.”

மார்ச் 12
செயலியில் எழுதியும் பேசலாமாம். தங்கை இறந்துவிட்டாள் என்று எழுதினேன். வருத்தம் தெரிவித்தது. பிறகு, இன்று எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தீர்கள் என்றது. நான்கு என்றேன். பாராட்டியது.

மார்ச் 15
ஞாயிறு. வாசலில் கிடக்கும் அவள் செருப்பை உள்ளே எடுத்து வைக்கலாமா என்று— வேண்டாம்.

அன்னிக்கு மத்தியானம் போன் பண்ணா. நான் பெட்டிக்கு நம்பர் ஒட்டிட்டு இருந்தேன். அப்புறம் பேசறேன்டின்னு வச்சுட்டேன். சாயந்தரம் பஸ்ஸுலயே உயிர் போயிடுச்சு. என்ன சொல்ல வந்தாளோ. அப்படி என்ன தலைபோற நம்பர் அது?

மார்ச் 24
‘அவங்களுக்காக’ அதிகாரி செயலியில் ஓர் ஆலோசகரை ஏற்பாடு செய்து கொடுத்தார். நிஜ மனுஷி. திரையில் வந்தார்.

“உங்க தங்கச்சி எப்படிப்பட்டவங்க?”

இதுவரை எல்லோரும் எப்படிச் செத்தாள் என்றுதான் கேட்டார்கள். எந்த டப்பாவையும் மூட மாட்டாள் என்றேன். அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. பேச்சையும், மற்றதையும்.

மார்ச் 31
அந்தப் போனைப் பற்றியும் சொல்லிவிட்டேன். ஆலோசகர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை.

“வழக்கமா மத்தியானத்துல எதுக்குக் கூப்பிடுவாங்க?”

“வரும்போது சோப்பு வாங்கிட்டு வான்னு சொல்ல.”

சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டேன். எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

ஏப்ரல் 2
ஏழு மணி நேரம் தூங்கியிருக்கிறேன்.

ஏப்ரல் 9
மதியம் அதிகாரி சாப்பாட்டு டப்பாவோடு கீழே வந்தார்.

“அவங்க எப்படி இருக்காங்க மேடம்?”

“பரவாயில்ல. நேத்து செருப்பை எடுத்து உள்ள வச்சாங்க.”

தலையாட்டினார். டப்பாவைத் திறந்தார். சாப்பிடவில்லை.

“எங்க பிரிவுலயும் ஒருத்தர்...”

“நேரா சொல்லுங்க தம்பி.”

சொன்னார். அதை இங்கே எழுதப்போவதில்லை.