மச்சினனின் வேலைப்பாடு

மார்ச் 4

அலுவலகத்தில் இன்று மறுப்புக் கடிதங்கள் அதிகம். காப்பீட்டுக் கம்பெனியில் என் வேலை அதுதான்: வருத்தம் தெரிவித்துக்கொண்டே இல்லை என்று சொல்வது. பழகப் பழக வருத்தம் நன்றாக வருகிறது.

வீட்டுக்கு வந்தால் மனைவி கூடத்தில் புத்தக அலமாரியின் முன் நின்றுகொண்டிருந்தாள். மச்சினன் செய்துகொடுத்தது. மச்சினன் என்றால் அவள் தம்பி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். நான்கு வருடத்துக்கு முன், அங்கே கழித்துப் போட்ட கப்பல் பெட்டிப் பலகைகளை அள்ளிவந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கூடத்திலேயே உட்கார்ந்து ஆணியடித்தான். குளியலறைச் சுவரை ஒட்டி அவன் எங்கே நிறுத்தினானோ அங்கேயே நிற்கிறது. நகர்த்தக் கூடாது, குறை சொல்லக் கூடாது. இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. சொல்லாமலே கடைப்பிடிக்கிறேன்.

“ஏங்க, இந்த ஓரத்துல கோடு மாதிரி ஏதோ ஓடுதே. இது முன்னாடியே இருந்துச்சா?”

பார்த்தேன். பக்கப் பலகையில், சுண்டுவிரல் அகலத்தில், மண் நிறத்தில் புடைப்பாக ஒரு கோடு கீழிருந்து நெளிந்து ஏறுகிறது. எனக்கு அசிங்கமாகத்தான் பட்டது. ஆகவே, “நல்ல வேலைப்பாடு. கொடி ஓடற மாதிரி இருக்கு,” என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. “அவன்கிட்ட சொல்றேன்.”

மார்ச் 5

சொல்லிவிட்டாள். போனை என்னிடம் கொடுத்தாள். மறுமுனையில் மச்சினன், “கோடா?” என்றான். பிறகு, “சும்மா ஒரு டச் குடுத்துப் பாத்தேன் அத்தான்,” என்றான். நல்ல கைகாரர்களுக்கே உரிய அடக்கம்.

மார்ச் 17

கோடு இரண்டாம் தட்டைத் தாண்டி, கிளையும் விட்டிருக்கிறது. மச்சினனிடம் எங்கள் வீட்டுச் சாவி ஒன்று உண்டு. நாங்கள் இல்லாத நேரம் பார்த்து வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கிறான் போலிருக்கிறது. தூசி தட்டும்போது அவள் அந்தக் கோட்டின் மேல் துணி படாமல் பதமாகச் சுற்றித் துடைக்கிறாள். என்னைக்கூட இவ்வளவு பதமாக நடத்தியதில்லை.

மார்ச் 29

மழை விட்ட சாயங்காலம். விளக்கைப் போட்டதும் ஈசல் வந்து கவிந்தது. எங்கள் வீட்டில் மட்டுமில்லை, மூலைவீட்டு மெக்கானிக் வீட்டில், எதிர்வீட்டுப் பல் டாக்டரம்மா வீட்டில் — தெருவே இறகு. சாப்பாட்டுத் தட்டிலும் இறகு.

அவள் ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்பவள். கோபம் வந்தால் வீட்டிலும் அந்தக் குரல்தான். “சாப்பாடு தாமதமாக வழங்கப்படும். விளக்கை அணைங்க.” தாமதத்துக்கு வருந்துவதாக மட்டும் சொல்லவில்லை.

ஏப்ரல் 6

தெருவெல்லாம் ஈசல் என்று கேள்விப்பட்டு நகராட்சியின் மர அதிகாரி வந்தார். கையில் ஒரு டப்பா சிவப்புப் பெயின்ட்.

“ஈசலா பறந்தது வழக்கமான கறையான் இல்ல சார். கப்பல்ல வந்து இறங்குனது. நம்ம ஊர் ரகம் பட்ட மரத்தோட நிறுத்திக்கும். இது பச்சை மரத்தையே உள்ளேர்ந்து தின்னும். இலை எல்லாம் ஜோராத்தான் இருக்கும். ஒரு காத்தடிச்சா மொத்தமா சாஞ்சிடும். அப்பறம் பக்கத்து வீட்டு உத்தரத்துக்குப் போயிடும்.”

ஈசல் வந்த வீடுகளுக்கு நடுவே எது பெரிய மரமோ, கூடு அதில்தான் என்பது அவருடைய கணக்கு. டாக்டரம்மாவின் மாமரத்தில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி போட்டார். பதினாறாம் தேதி வெட்டு.

டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரி என்பது ஓர் அறை, ஒரு நாற்காலி. நோயாளிகள் காத்திருப்பது மாமரத்தடி பெஞ்சில். “அந்த நிழல்ல கொஞ்ச நேரம் உக்காந்தாத்தான் சார் தைரியம் வந்து உள்ள வரான். வெயில்ல நிக்க வெச்சா வலியோடயே வீட்டுக்குப் போயிடுவான். மரம் போச்சுன்னா நான் கடையை மூட வேண்டியதுதான்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்த விதம் வேறு மாதிரி இருந்தது.

பிறகு உள்ளே போய், வாய்க்குள் விட்டுப் பார்க்கும் அந்தக் குட்டிக் கண்ணாடியை எடுத்துவந்தார். அதன் காம்பால் மரத்தைச் சுற்றித் தட்டிக் காது வைத்துக் கேட்டார்.

“சொத்தையா இருந்தா சத்தம் மொத்தையா வரும். இது கிண்ணுனு இருக்கு.”

“டாக்டர், இது பல் இல்ல,” என்றார் அதிகாரி.

“பல்லா இருந்தா, பாக்காமலே பிடுங்குங்கன்னு எங்கிட்ட எவனும் சொல்ல மாட்டான்.”

அதிகாரி ஆளுக்கொரு துண்டுப்பிரசுரம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 7

துண்டுப்பிரசுரத்தை இன்றுதான் படித்தேன். ‘கறையான் கட்டும் மண் குழாய்’ என்று ஒரு படம். அப்படியே எங்கள் அலமாரிக் கோடு. இவ்வளவு தத்ரூபமாகச் செய்திருக்கிறானே என்று மச்சினனை மெச்சிக்கொண்டேன். பிறகு மெச்சுவதை நிறுத்திக்கொண்டேன்.

கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதியை உருவினேன். தக்கையாக வந்தது. வெளியே தங்க எழுத்து, உள்ளே மண். இப்படிச் சிலரோடு வேலை பார்த்திருக்கிறேன், ஆனாலும் அதிர்ச்சிதான். அடுத்தடுத்த தொகுதிகளும் அப்படியே. கவிதைகளைப் பாதியில் விட்டிருக்கின்றன. எங்கள் கம்பெனி ஆண்டறிக்கையை வாயில்கூட வைக்கவில்லை. ரசனை இருக்கிறது.

ஐயோ, இப்ப என்ன பண்றது? சொன்னா அவ தம்பி. சொல்லலேன்னா டாக்டரம்மா மரம். கூடு இங்க இருக்கு, அங்க வெட்டப்போறாங்க.

ஏப்ரல் 8

சொல்லவில்லை.

ஏப்ரல் 9

இன்றும் இல்லை. வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். ‘எலி, கறையான், காலம் ஆகியவற்றால் நேரும் சேதம் இதில் அடங்காது.’ எழுதியவன் நான்தான். நடை நன்றாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 11

காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மரத்தடி பெஞ்சில் கன்னம் வீங்கிய ஒரு பெரியவர். பக்கத்தில் டாக்டரம்மா, சிவப்புப் பெருக்கல் குறியை மறைத்தாற்போல் சாய்ந்து நின்று, அவரிடம் ஏதோ சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சட்டையை மாட்டினேன். சமையலறைக்குப் போய், “வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்,” என்று தொடங்கினேன். வேறு எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியாது. முதல் தொகுதியைத் திறந்து காட்டினேன். மண் மேடையில் கொட்டியது.

அவள் மண்ணைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“நல்ல வேலைப்பாடுன்னு சொன்னீங்க.”

“நீதானே கேட்டே.”

“நல்லா இருக்கான்னா கேட்டேன்? முன்னாடியே இருந்துச்சான்னு கேட்டேன்!”

கேட்டது அதுதான். இந்த நாட்குறிப்பிலேயே நாலாம் தேதி அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

போனை எடுத்தாள். நிலையக் குரல். “தம்பி. உடனே கிளம்பி வா. தாமதம் எதுவும் இல்லை.”

அதே நாள், சாயங்காலம்

மச்சினன் வந்தான். எடுத்த எடுப்பில், “கறையான் வேற எங்கேர்ந்தாவது வந்திருக்கும்க்கா. அந்தக் கோடு நான் போட்டதாச்சே,” என்றான்.

“அப்படியா? ரொம்ப நல்லது,” என்றாள் அவள். தோட்டத்திலிருந்து ஒரு கிண்ணம் மண்ணைக் குழைத்துக்கொண்டு வந்து அவன் கையில் கொடுத்தாள். “இந்தப் பக்கம் வெறிச்சுன்னு இருக்கு. இங்கயும் அதே மாதிரி ஒண்ணு போடுடா. அக்கா ஆசைப்படறேன்.”

கிரேனில் இரண்டு மாடி உயரத்துக்குப் பெட்டியைத் தூக்கி, முட்டை மாதிரி இறக்கிவைப்பவன். மண்ணைக் கிள்ளி வைத்தான். விழுந்தது. மறுபடி வைத்தான். வழிந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்து, கவிதைத் தொகுதியின் மிச்சத்தைப் படிப்பதுபோல் பாவனை செய்தேன்.

கடைசியில் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

“நான் போடலக்கா.”

“அப்பறம் ஏன்டா போட்டேன்னு சொன்ன?”

“அத்தான் நல்லா இருக்குன்னு சொன்னாரு. நான் செஞ்ச எதையும் அவர் நல்லா இருக்குன்னு சொன்னதே இல்ல. சரி, இருந்துட்டுப் போகட்டும்னு...”

யாரும் சிரிக்கவில்லை. குறை சொல்லாமல் இருந்தாலே போதும் என்று நான்கு வருடம் நினைத்திருக்கிறேன். பாராட்டியது ஒரே ஒரு முறை. அதுவும் கறையானை.

“அலமாரி உறுதியாத்தான்டா இருந்துச்சு,” என்றேன். “அத்தனை புத்தகத்தையும் தாங்குச்சே.” பொய்யில்லை. அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கையில் மண் இருந்ததை மறந்துவிட்டான்.

ஏப்ரல் 13

அதிகாரியைக் கூட்டிவந்தோம். டாக்டரம்மாவும் வந்தார். மச்சினனே அலமாரியின் பின்பலகையை நெம்பினான். உள்ளே, சுவரோடு ஒட்டி, பூசணிக்காய் அளவு கூடு. குளியலறைக் குழாய்க் கசிவில் சொகுசாக ஈரம். வெளிறிப்போன ஜனங்கள் வெளிச்சத்தைப் பார்த்ததும் அலுவலக நேரம்போல் அங்குமிங்கும் ஓடினார்கள்.

“பலகை எங்கேர்ந்து வந்துச்சு?” என்றார் அதிகாரி.

“கப்பல்லேர்ந்து. நான்தான் கொண்டுவந்தேன்,” என்றான் மச்சினன், நிமிர்ந்து நின்று. இந்த முறை அது அவன் வேலைதான்.

ஆனாலும் மரத்தையும் சோதிக்க வேண்டுமாம். அதிகாரி துளைக்கருவியை எடுத்தார். டாக்டரம்மா அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டே, “நிதானமா. அவசரப்பட்டா பேஷன்ட் கையைப் பிடிச்சுக்கும்,” என்றார். உள்ளேயிருந்து வந்த துருவல் ஈரமாக, சுத்தமாக, மரவாசனையோடு வந்தது. மூன்று இடத்திலும் அப்படியே.

“நல்ல மரம்தான்,” என்று அதிகாரி ஒப்புக்கொண்டார்.

“துளையை அடைச்சிட்டுப் போங்க. சும்மா விட்டா சொத்தை விழும்.”

அடைத்தார்.

ஏப்ரல் 16

மரம் வெட்ட லாரி வந்து நின்றது. அதனிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. வந்தது வீண் போக வேண்டாம் என்று அலமாரியையும், அரித்துப்போன இரண்டு நிலைக்கதவுகளையும், கலைக்களஞ்சியத்தையும் ஏற்றி எரிக்க அனுப்பினோம். தெருமுனைவரை மச்சினன் கூடவே நடந்தான்.

ஏப்ரல் 30

வீட்டைச் சுற்றியும் மாமரத்தைச் சுற்றியும் மருந்து வைத்த பெட்டிகள் புதைத்திருக்கிறார்கள். கறையான் தின்றுவிட்டு வீட்டுக்குப் போய் எல்லோருக்கும் பகிர்ந்து கொடுக்குமாம். நல்ல குடும்பங்களின் பலவீனம்.

ஜூன் 11

கடைவாய்ப் பல் வலி. மரத்தடி பெஞ்சில் எனக்கு முன்னால் நான்கு பேர். சிவப்புக் குறி இன்னும் மங்கலாகத் தெரிகிறது. அதன்மேல் யாரோ ‘வரிசை இங்கிருந்து’ என்று எழுதியிருக்கிறார்கள். பிடுங்க வேண்டாமாம்.

ஜூன் 22

மச்சினன் புதிதாக ஓர் அலமாரி செய்து கொண்டுவந்தான். இந்தத் தடவை முழுக்க இரும்பு. நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். அவளும் பார்த்தாள்.

“எப்படி அத்தான் இருக்கு?”

தொட்டுப் பார்த்தேன். “உறுதியா இருக்குடா. தட்டெல்லாம் மட்டமா இருக்கு.” மூச்சை இழுத்துக்கொண்டேன். “ஆனா ஆடுது.”

கூரை விழவில்லை.

“ஆடுதா?” என்றான் மச்சினன். குனிந்து பார்த்தான். “ஆமா, ஆடுது.” சுற்றுமுற்றும் தேடி, தப்பிப் பிழைத்த எங்கள் கம்பெனி ஆண்டறிக்கையை எடுத்து, நான்காக மடித்து, ஒரு காலுக்கு அடியில் செருகினான்.

இப்போது ஆடவில்லை.