நீலம் ஏறிய செல்கள்

3 பிப்ரவரி 2009, செவ்வாய்
பிரேமன் நகரில் நாள் முழுக்கத் தூறல். ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்யும் ட்யார்க் ஊருக்குப் போயிருக்கிறான்; அவன் எலிக்குட்டி மூளை செல்களை வளர்க்கும் தட்டுகளை நான் பார்த்துக்கொள்கிறேன். மிஞ்சிய ஒரு தட்டில் சும்மா இரண்டு சாயம் ஏற்றிப் பார்த்தேன். காந்த நானோ துகள் இருக்கும் இடம் நீலம். மைக்ரோகிளியா, அதாவது மூளையில் வேண்டாததையெல்லாம் விழுங்கும் காவல் செல், பழுப்பு.
நீலம் முழுக்கப் பழுப்புக்குள்ளேயே இருக்கிறது. நரம்பு செல்கள் வெறுமையாக.

4 பிப்ரவரி
இன்னும் மூன்று தட்டு. அதேதான்.
அடியில் காந்தம் வைத்தால் நரம்பு செல்களே துகள்களை உள்வாங்கும் என்று காட்டியதுதான் அவனுடைய நான்கு வருட உழைப்பு. மே மாதம் ஆய்வேடு. கட்டுரை போன வாரம்தான் இதழுக்குப் போனது. அவன் இத்தனை நாள் எண்ணியது மைக்ரோகிளியாவையா? இல்லை, நான்தான் சொதப்பினேனா? சொதப்பியிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

6 பிப்ரவரி, வெள்ளி
ட்யார்க் திரும்பிவிட்டான். ஆய்வகத் தலைவி லூடர்ஸிடம் போகாமல் முதலில் அவனிடமே சொன்னேன். காபி அறையில். சொன்ன இடமே தப்பு.
"நான் இல்லாதப்ப என் தட்டுல கை வெச்சியா?"
"மிஞ்சினதுதான், ட்யார்க்."
"உன்னோட ஆய்வுல மூணு வருஷமா ஒண்ணும் வரல. அதான் என்னோடதுல ஓட்டை தேடுறியா, விப்கே?"
என்னோடது வரலதான். அதுக்காகவா செஞ்சேன்? கொஞ்சம் அதுவும் இருந்துச்சோ?

9 பிப்ரவரி
கேண்டீனில் வேறு மேசையில் உட்கார்ந்தான்.

17 பிப்ரவரி, செவ்வாய்
வாராந்திரக் கூட்டம். என்னைப் பார்க்காமலே எழுந்தான்.
"நானே ஒன்பது தட்டு சாயம் ஏத்திப் பார்த்துட்டேன். நான் எண்ணினது நரம்பு செல் இல்ல. கட்டுரையைத் திருப்பி வாங்கிடலாம்."
லூடர்ஸ், "யாரு கவனிச்சது?" என்றார்.
"விப்கே."
உட்கார்ந்துவிட்டான். கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

12 மார்ச்
ஆய்வேடு தள்ளிப்போகிறது. மைக்ரோகிளியாவை மட்டும் கொல்லும் மருந்தை ஊற்றி, மறுபடி முதலிலிருந்து வளர்க்கிறான். காலையில் வணக்கம் சொல்கிறான். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

20 ஏப்ரல், திங்கள்
பதினொரு மணி இருக்கும். ட்யார்க் ஒரு தட்டைக் கொண்டுவந்து என் நுண்ணோக்கி பக்கத்தில் வைத்தான்.
"நீ எண்ணு. நான் எண்ணினா எனக்கே நம்பிக்கை வரமாட்டேங்குது."
பழுப்பு ஒன்றுகூட இல்லை. இருநூறு நரம்பு செல்களை எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தான்.
"பத்தொன்பதுல நீலம் இருக்கு," என்றேன்.
கட்டுரையில் அவன் எழுதிய எண்ணிக்கையோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் இந்தப் பத்தொன்பதும் நரம்பு செல்லேதான்.
"எனக்கும் பத்தொன்பதுதான்," என்றான். பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.