ஒரே தட்டில் இரண்டு ரத்தம்

கிள்ளான் பாசாரில் இன்று காலை அட்டைப்பெட்டியில் கோழிக்குஞ்சு விற்றார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும், கத்தரிக்காய் வாங்க வந்ததையே மறந்து நின்றுவிட்டேன். எண்பதுகளில் கோலாலம்பூர் ஆய்வுக்கூடத்தில் நீயும் நானும் அருகருகே உட்கார்ந்து, ரூபெல்லா அம்மைச் சோதனைக்காகக் குஞ்சு ரத்தத்தைக் கழுவிய நாட்களின் வாடை அது. நீ போய் ஒரு வருஷமாகிறது, தோழி.

கர்ப்பிணியின் ரத்தத்தைப் படிப்படியாக நீர்க்கவைத்து, தட்டின் குழிகளில் வைரஸ் சத்தோடும் குஞ்சின் ரத்த அணுக்களோடும் கலப்போம். எதிர்ப்புச் சக்தி இருந்தால் குழியடியில் சிவப்புப் பொட்டு விழும். இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை ரத்தம் எடுப்போம்; பொட்டு விழுந்த குழிகள் முதலாவதைவிட இரண்டாவதில் இரண்டு ஏறினால் புதுத் தொற்று. குழந்தையின் காதோ கண்ணோ இதயமோ போய்விடலாம்.

நான் கர்ப்பமாயிருந்த மூன்றாம் மாதத்தில் அந்தப் பயம் எனக்கே வந்தது. மேலெல்லாம் ரூபெல்லாத் தடிப்போடு என் அக்கா மகன் என் மடியில் தூங்கியிருந்தான். முதல் ரத்தத்தில் மூன்று குழி. இரண்டாவதை எடுத்த அன்றே, பொறுக்க மாட்டாமல், அதை மட்டும் தனியாக வைத்தேன். ஐந்து குழி! கலைத்துவிடலாம் என்றார் டாக்டர். தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

மறுநாள் செந்தூலிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய நீ, ஆறுதல் சொல்லவே இல்லை.

"பழைய ரத்தத்தையும் கூட வச்சியா?"

"அதான் அப்பவே பார்த்தாச்சே."

"அன்னிக்கு வேற குஞ்சு, நேத்து வேற குஞ்சு லா! குஞ்சு மாறினா குழிக் கணக்கும் மாறும். ஊரார் ரத்தம்னா எனக்கே சட்டம் பேசுவ. உன் ரத்தம்னா அவசரமா? போ, போயி தே தாரிக் குடி. இங்க நிக்காத."

அறையலாம் போல வந்தது. ஆனால் நீ சொன்னதுதான் சரி. உறைபெட்டியிலிருந்து முதல் குழாயை எடுத்து, இரண்டையும் ஒரே தட்டில், ஒரே குஞ்சின் ரத்தத்தோடு வைத்தாய். மத்தியானம் கேன்டீனுக்கு ஓடி வந்தாய்.

"ரெண்டும் அஞ்சுதான்டி! ஏறவே இல்ல. சின்ன வயசுலயே உனக்கு வந்து போயிருக்கு."

என் தவற்றை மேலதிகாரியிடம் நீ மூச்சுவிடவில்லை. நானும் நன்றி என்று ஒருநாளும் சொல்லவில்லை. சொன்னால் கிண்டல் செய்தே கொன்றிருப்பாய். இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்.

மகள் பிறந்ததும் வார்டுக்கு வந்தாயே, அந்த நிமிஷத்தைத்தான் இன்னும் நெஞ்சில் வைத்திருக்கிறேன். மனசு கேட்காமல் குழந்தையின் தலைக்குப் பின்னால் கை தட்டினேன். திடுக்கிட்டு வீறிட்டாள்.

"என் ரிசல்ட்டையே நம்பலையாடி, பாவி?" என்று திட்டினாய். அப்புறம் யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, நீயும் ஒருமுறை கை தட்டிப் பார்த்தாய்.