ஒரே கடல், இரண்டு போன்

ஐப்பசி 20, வியாழன்

காலையில் குருசுக்குப்பத்திலிருந்து செல்வி அக்கா போன் செய்தார். அவர் கணவர் படகுக்காரர். இருவருமே நான் எழுதிய ஆப்பில்தான் கடல் நிலையைப் பார்க்கிறார்கள்.

"தம்பி, என் போன்ல செவப்பு காட்டுது, அவரு போன்ல பச்சை காட்டுது. எத நம்புறது?"

"செவப்பதான்க்கா. அண்ணன போவ வேணாம்னு சொல்லுங்க" என்றேன்.

மதியத்துக்குள் பிழை பிடிபட்டது. கடல் நிலை காட்டும் பக்கமான கடல் டேபை, ஆப்பைத் திறந்தபின் முதல்முறை பார்க்கும்போது மட்டும் தகவலை வாங்கும்படி எழுதியிருந்தேன். மீன் விலை டேபுக்குப் போய்த் திரும்பினால் பழையதே நிற்கும். அண்ணன் ஆப்பை மூடுவதே இல்லை. நேற்றைய பச்சை அப்படியே இருந்திருக்கிறது. நானோ சோதிக்கும்போதெல்லாம் ஆப்பைப் புதிதாகத் திறக்கிறவன், என் கண்ணில் எப்படிப் படும்? சார்ஜ் தீர்ந்துவிடும் என்று அக்கா ஒவ்வொரு தடவையும் மூடிவிடுவார். அந்தச் சிக்கனம்தான் காப்பாற்றியது.

இனி அந்த டேப் கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்கும். மூன்றே வரி நிரல். அதை எழுதாமல் விட்டதற்கு ஒரு படகு... வேண்டாம்.

சாயங்காலம் காற்று ஜன்னலைப் போட்டு அடித்தது. மன்னிப்புக் கேட்க அக்காவை அழைத்தேன்.

"அவரு இங்கதான் தூங்கறாரு தம்பி. நீ நல்லா இருக்கணும்" என்றவர், நான் வாய் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டார்.