புது பிரிட்ஜுக்கு வைத்த பொட்டு

என்னங்க,

தேசூரில் அம்மாவைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வந்துவிடுவேன். கோபித்துக்கொண்டு போகவில்லை. ஆனால் கோபம் இருக்கிறது. “ஸ்டிக்கரப் பாத்துகினு யாராச்சும் பிரிட்ஜ் வாங்குவாங்களா?” என்று கடையில் எல்லார் முன்னாலும் கத்தினீர்களே.

சாம்பார் அடுப்பு மேல். தோசைமாவு பிரிட்ஜில். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு யோசிக்காதீர்கள்.

வெம்பாக்கத்திலிருந்து உங்கள் அக்கா வருவார்கள். ஏன் சின்னதாக வாங்கினீர்கள் என்று கேட்டால், கரண்ட் கம்மியாக இழுக்கும், அதற்குத்தான் அஞ்சு ஸ்டார் என்று சொல்லுங்கள். நம் தெருவிலேயே முதல் அஞ்சு ஸ்டார் நம்முடையதுதான்!

கோமளா

பி.கு: இப்போதுதான் பார்த்தேன். நேற்று ஆயுதபூஜைக்குத் தறிக்கும் பிரிட்ஜுக்கும் நீங்கள்தானே பொட்டு வைத்தீர்கள்? தறிக்கு நட்டநடுவில் வைத்திருக்கிறீர்கள். பிரிட்ஜுக்கு மட்டும் ஓரமாக, ஸ்டிக்கரில் ஒரு ஸ்டார்கூட மறையாமல்.