கர்லிங் கழகத்து மாத்திரை ஜாடியைக் கைப்பற்றிப் பரிசோதிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓரெஸ்ட் பொடோல்ஸ்கி, கோதுமை விவசாயி,
ஸ்டெர்ன்ஹில், சஸ்காட்சுவான்.

பெறுநர்:
பொதுச் சுகாதார ஆய்வாளர் அவர்கள்,
வட்டாரச் சுகாதார அலுவலகம்.

பொருள்: என் தோலை உரித்த மாத்திரை எது என்று கண்டறிந்து சொல்ல வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்கள் நலமா? போன வாரப் பனிப்புயலில் தங்கள் வண்டி கிளம்பியதா? என்னுடையது கிளம்பவில்லை. அது இருக்கட்டும்.

1. எங்கள் கழகத்துச் சமையலறையில் ஒரு பெரிய ஊறுகாய் ஜாடி உண்டு. கர்லிங் ஆட்டத்தில் இருபது கிலோ கல்லைப் பனித்தளத்தில் தள்ளித் தள்ளி முட்டி போனவர்களே இவ்வூரில் அதிகம். வீட்டில் மிஞ்சும் வலி மாத்திரை வீணாகக் கூடாதென்று, அட்டையைப் பிரித்து அந்த ஜாடியில் கொட்டுவது பதினோரு வருட வழக்கம். பொறுப்பாளர் திருமதி வெர்னா ஃப்ரீசன். மாத்திரைகளின் பெயர் அவருக்கும் தெரியாது. "முட்டிக்கு மஞ்சள், இடுப்புக்கு வெள்ளை. எங்க வலிக்குதுன்னே தெரியலையா, ரெண்டையும் போடு" என்பதே அவர் வைத்தியம்.

2. டிசம்பர் கடைசியில் மாட்டை ஓட்டிப் போகையில் கொட்டகை வாசலில் வழுக்கி விழுந்ததில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. மாட்டின் மேல் தவறில்லை; நல்ல மாடு, போன வருடம் இரட்டைக் கன்று போட்டது. நான் தினமும் வெள்ளை போட்டேன், வெள்ளையிலேயே நாலு வகை. பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் வந்தது. உதடு கொப்பளித்தது, நெஞ்சுத் தோல் உரிந்தது. என் மனைவி லெஸ்யா, "ஜனவரியில எங்கய்யா போய் வெயில்ல காஞ்சே?" என்றாள். சிரித்தவள்தான் ஆஸ்பத்திரி வரை அழுதுகொண்டே வண்டி ஓட்டினாள்.

3. மூன்று வாரம் கிடந்தேன். டாக்டரம்மா, "வீக்கத்துக்குப் போடுற மாத்திரைதான் இப்படிப் பண்ணியிருக்கு. இன்னொரு தடவை அதையே முழுங்கினா உசுரு தங்காது. எதுன்னு தெரியுறவரைக்கும் ஒண்ணையும் தொடாதீங்க" என்றார். இடுப்பு இன்னும் வலிக்கிறது ஐயா. வெந்நீர்ப் பையோடு வாழ்கிறேன்.

4. பரிசோதனைக்கு அனுப்ப ஜாடியைக் கேட்டேன். "பதினோரு வருஷமா ஊரே முழுங்குது, ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகல. ஒன் தோலு சொத்தைன்னா ஜாடி என்னய்யா பண்ணும்?" என்றார் திருமதி ஃப்ரீசன். கழகக் கூட்டத்தில் ஓட்டெடுப்பு நடந்தது. ஜாடிக்குப் பதினான்கு, எனக்கு ஒன்று. லெஸ்யாவும் ஜாடிக்குத்தான் கை தூக்கினாள். அவளுக்கும் முட்டி வலி.

5. ஆகவே தாங்கள் சனிக்கிழமைப் பந்தயத்துக்கு முன் ஓர் ஆளை அனுப்பி, அந்த ஜாடியைக் கைப்பற்றி, அதில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக

ஐயா, மன்னிக்கவும். வாசலில் வண்டிச் சத்தம். திருமதி ஃப்ரீசன் வந்திருக்கிறார். முகத்தைச் சுற்றிக் கம்பளித் துணி. அதை விலக்கினார், உதடெல்லாம் கொப்புளம். "ஓரெஸ்ட்டு, எழுதுனது போதும், என் வண்டிய எடுய்யா" என்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறோம். எந்த மாத்திரை என்பது இனி இரண்டு பேருக்குத் தெரிய வேண்டும், விரைந்து அருள்க.

இடம்: ஸ்டெர்ன்ஹில்
நாள்: பிப்ரவரி 9

இப்படிக்கு,
ஓரெஸ்ட் பொடோல்ஸ்கி

இணைப்பு: ஜாடி ஒன்று. திருமதி ஃப்ரீசனே மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.